சர்க்கரை நோயும் பாதமும்: நரம்பு பாதிப்பு, புண், பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் சோற்றின் அளவு குறைகிறது, மாத்திரைப் பெட்டி வந்துவிடுகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. பாதத்தைக் குனிந்து பார்க்கும் வழக்கம் மட்டும் ஏற்படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி, 2023-இல் வெளியான ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கும், தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் விரலையோ காலையோ இழக்க நேர்பவர்களுக்குப் பெரும்பாலும் தொடக்கம் ஒரு சிறிய, வலியில்லாத, யார் கண்ணிலும் படாத புண்தான். அந்தப் புண் வராமல் காப்பதும், வந்தால் முதல் நாளே கண்டுபிடிப்பதும் வீட்டில் செய்யக்கூடிய வேலைகள். நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் பாதத்துக்கும் என்ன தொடர்பு?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும்போது நரம்பு இழைகளும், அந்த இழைகளுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மிக நுண்ணிய குழாய்களும் பழுதடைகின்றன. நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன என்பதால், இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை ஓடும் நரம்புகளின் கடைக்கோடியில், அதாவது விரல்களில், தொல்லை தொடங்குகிறது. பிறகு அது காலுறை அணிவதைப்போல மெல்ல மேலேறி, முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல்களிலும் தெரிய ஆரம்பிக்கிறது.

பாதிக்கப்படுவது உணர்ச்சி நரம்பு மட்டுமன்று. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் தளரும்போது விரல்கள் மடங்கி, நடையின் பாரம் முழுவதும் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுப் பகுதியில் விழுகிறது. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு ஏற்படுகிறது. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் கெடும்போது தோல் காய்ந்து வெடிக்கிறது. இவற்றோடு காலின் பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பும் சேர்ந்துவிட்டால், ஏற்படும் புண் ஆறுவதற்கு வேண்டிய ரத்தமும் போய்ச் சேர்வதில்லை. உணர்ச்சிக் குறைவு, அழுத்தம், வறட்சி, ரத்த ஓட்டக் குறைவு, கிருமித் தொற்று ஆகிய ஐந்தும் ஒன்றுசேரும் இடம் பாதம்.

நரம்பு பாதிப்பு தொடங்கிவிட்டது என்பதை எந்த அறிகுறிகளைக் கொண்டு அறியலாம்?

சிலருக்கு இரவில் உள்ளங்கால் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, போர்வை பட்டாலே தாங்க முடியாத கூச்சம் ஆகியவை தோன்றும். வேறு சிலர் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதும், இருட்டிலோ முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ தடுமாறுவதும் முக்கியமான அறிகுறிகள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை என்பதால், ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நரம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோய் அல்லாத காரணங்களும் உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, மதுப்பழக்கம், தைராய்டு குறைபாடு, காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியசிட் மாத்திரை ஆகியவை அவற்றுள் சில. உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல் உடலில் எங்காவது இருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனையும் அவசியம்.

எனக்குக் காலில் வலியே இல்லை. அப்படியிருக்க நான் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. வலி இருப்பவர் செருப்பில் சிக்கிய சிறு கல்லை உடனே உதறிவிடுவார். நடக்கும்போது ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் தன்னையறியாமலேயே கொஞ்சம் நொண்டி, பாரத்தை மாற்றிக்கொள்வார். வலி உணர்வை இழந்தவர் அதே கல்லின்மேல் நாள் முழுவதும் நடந்து, மாலையில் செருப்பைக் கழற்றும்போது அதில் ரத்தக் கறையைப் பார்ப்பார். பார்க்காதவர்களும் உண்டு.

இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய பணி நம் வேலூரில் நடந்தது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற அக்கால நம்பிக்கையை ஏற்காமல், ஒவ்வொரு புண்ணும் எப்படி ஏற்பட்டது என்று தேடினார். சூடான பாத்திரத்தைத் தொட்டது, ஆணியின்மேல் மிதித்தது, காயத்தோடு தொடர்ந்து நடந்தது என, வலி தெரியாததால் நேர்ந்த சேதங்களாகவே அவை இருந்தன. பின்னர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களும் இதே வழியில்தான் உண்டாகின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். தொழுநோயாளிகளுக்காக உருவான மென்ரப்பர்ச் செருப்பும், புண்மேல் பாரம் விழாமல் போடப்படும் மாவுக்கட்டும் இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றி வருகின்றன. ஆகவே வலி இல்லாத பாதத்தை நலமான பாதமாக எண்ணிவிடாமல், வலி செய்துவந்த காவல் வேலையை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும் என்று கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் பாதத்துக்கு என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலாவது, மோனோஃபிலமென்ட் எனப்படும் நைலான் இழைப் பரிசோதனை. ஒரு கைப்பிடியில் பொருத்தப்பட்ட அந்த இழையைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால், 10 கிராம் விசையில் அது வில்போல் வளையும். முதலில் உங்கள் கையில் வைத்து, உணர்வு எப்படி இருக்கும் என்று காட்டுவார்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கட்டைவிரலின் அடிப்பகுதியிலும் விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டிலும் வைத்துப் பார்ப்பார்கள். இழை வளைந்து நிமிர்ந்த பிறகும் நோயாளி “எப்போது வைக்கப் போகிறீர்கள்?” என்று காத்திருப்பது இந்தப் பரிசோதனையில் அடிக்கடி நேர்கிறது. கண்ணைத் திறந்து, இழை தன் காலைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் காணும் அந்தக் கணத்தில் ஏற்படும் விழிப்பு, எந்த அறிவுரையாலும் ஏற்படுவதில்லை.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வை உணர்கிறீர்களா என்று கேட்பது இரண்டாவது. பயோதீசியோமீட்டர் என்ற கருவி இதே அதிர்வுணர்வை எண்ணாகக் காட்டும். பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்பக்கமும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐயம் இருந்தால் கணுக்கால், கை ஆகியவற்றின் ரத்த அழுத்தத்தை ஒப்பிடுவார்கள் அல்லது டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். இவற்றில் ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டும் குறைந்திருந்தாலோ அவற்றில் ஒன்றோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு முன்பே புண் வந்திருந்தால், விரல் அகற்றப்பட்டிருந்தால், அல்லது சிறுநீரகச் செயலிழப்பு முற்றியிருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும். மருத்துவர் கேட்காவிட்டாலும், உள்ளே போனதும் செருப்பையும் காலுறையையும் நீங்களே கழற்றிவிட்டு உட்காருங்கள். பாதம் பார்க்கப்படுவதற்கு அதுவே எளிய வழி.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய தொடுமுறை இதற்குப் போதுமானது. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க, வீட்டில் ஒருவர் தம் ஆள்காட்டி விரலின் நுனியால் இரு கால்களின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி, இறகு படுவதைப்போலத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. உணரும்போதெல்லாம் வலது அல்லது இடது என்று நோயாளி சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால், பாதுகாப்பு உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்புள்ளது. மருத்துவரிடம் இழைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

இரவு படுக்கும் முன், நல்ல வெளிச்சத்தில், ஒரு காலை மறு தொடைமேல் வைத்து உட்காருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலை அதன்மேல் காட்டலாம். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். குறிப்பாக நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறியிருந்தால் அது சேற்றுப்புண். கிருமி உள்ளே நுழைய அந்தச் சிறு பிளவு போதும். குதிகாலின் விளிம்பில் பித்தவெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். உள்ளங்காலில் காய்ப்பு இருந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சளாக இருந்த காய்ப்பின் நடுவே கருஞ்சிவப்பாகவோ கருநீலமாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அடியில் ரத்தம் கட்டி, புண் உருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பாதத்தின் ஓரிடம் மறுபாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே உள்ளுக்குள் ஏதோ நடக்கிறது. தோல் வெப்பமானியால் அளக்கும் மருத்துவர்கள் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வேறுபாட்டை எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். மெட்டி அணியும் பெண்கள் அதன் அடியிலும் பார்க்க வேண்டும். கால் வீங்கும் நாட்களில் மெட்டி இறுகிப் பதிந்துவிடுவதால், உணர்ச்சி குறைந்தவர்கள் தளர்வானதை அணிவதோ கழற்றி வைப்பதோ நல்லது.

கிராமங்களிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் தரையில் படுத்துறங்குபவர்களின் உணர்ச்சியற்ற விரல்களை இரவில் எலி கடித்துவிட, காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம், ஆனால் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ள உண்மை இது. அப்படிப்பட்ட இடங்களில் கட்டிலில், காலை மூடிக்கொண்டு, கொசுவலை கட்டிப் படுப்பது பாதுகாப்பு.

பாதத்தைக் கழுவும்போதும் எண்ணெய் தடவும்போதும் கவனிக்க வேண்டியவை யாவை?

சாதாரண சோப்பும் நீரும் போதும். வெந்நீர் என்றால் 37 டிகிரிக்குள், முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். மரத்துப்போன பாதத்தால் சூட்டை அளக்க இயலாது. நீண்ட நேரம் ஊறவைத்தால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய் மேலும் வெடிக்கும். கழுவியபின் விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய், வாசலின், யூரியா கலந்த களிம்பு ஆகியவற்றுள் ஒன்றை உள்ளங்காலிலும் குதிகாலிலும் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள். எண்ணெய் தடவிய காலோடு உடனே மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும் என்பதையும் முதியவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நகம் வெட்டுவது, கால் ஆணியை எடுப்பது?

நகத்தை நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். மூலையை ஆழமாகத் தோண்டி வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். பார்வை மங்கியவர்களுக்கு வேறொருவர் வெட்டிவிட வேண்டும். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவது, மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணிப் பிளாஸ்டரை ஒட்டுவது இரண்டும் கூடாது. அந்தப் பிளாஸ்டரில் உள்ள சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்புக்கும் நல்ல தோலுக்கும் வேறுபாடு தெரியாது. காய்ப்பை மருத்துவமனையில் சீவி எடுத்தால் அந்த இடத்தின் அழுத்தம் உடனே குறையும். ஆனால் அங்கே பாரம் விழக் காரணமான செருப்பை மாற்றாவிட்டால் அது மறுபடியும் வளரும்.

எம்.சி.ஆர். செருப்பு என்பது என்ன? எல்லோரும் அதை அணிய வேண்டுமா?

எம்.சி.ஆர். என்பது மிக நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்ரப்பர். இதன் உட்பகுதி பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாக்குகிறது. கடினமான அடிப்பகுதி முள்ளையும் ஆணியையும் தடுக்கிறது. உணர்ச்சி முழுமையாக உள்ளவர்களுக்கு அளவு சரியான, நல்ல தரமான எந்தச் செருப்பும் போதும். உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பையோ அதற்கு ஒப்பானதையோ அணிய வேண்டும். விரல் மடங்கியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், விரல் அகற்றப்பட்டவர்கள் ஆகியோருக்குப் பாதத்தின் அச்சை எடுத்துத் தனியே செய்யப்பட்ட காலணி வேண்டும். இவர்கள் கடையில் கிடைக்கும் “டயாபெட்டிக் செருப்பு” என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் நுழையும் செருப்பு அந்த இடுக்கை அறுக்கும். அதோடு, அது கழன்று விழாமலிருக்க விரல்கள் எப்போதும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆகவே முன்னால் அகலமான பட்டையும், பின்னால் குதிகாலைப் பிடிக்கும் வாரும், இறுக்கத்தை மாற்றக்கூடிய ஒட்டுப்பட்டையும் உள்ளதே நல்லது. நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குங்கள். உணர்ச்சி குறைந்தவருக்கு இறுக்கமான செருப்பே பொருத்தமாக இருப்பதுபோல் தோன்றும் என்பதால், உணர்வை நம்பாமல் அளவை நம்புங்கள். புதியதை முதல் சில நாட்கள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவி, கவிழ்த்துத் தட்டுங்கள். அடியில் ஆணி குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். ஆனால் உடைந்த கண்ணாடித் துண்டு, தையல் ஊசி, கட்டில் காலில் இடித்துக்கொள்வது எல்லாம் வீட்டுக்குள்தான் நடக்கின்றன. வீட்டுக்குள் மட்டும் அணிய ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்வதைக் குடும்பத்தினர் குறையாக நினைக்கக் கூடாது.

கோயிலுக்குச் செருப்பில்லாமல்தானே போக வேண்டும்? கிரிவலம், பாதயாத்திரை போகலாமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வெயிலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றிவந்து, மறுநாள் உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. உடன் சென்றவர்கள் சூடு தாங்காமல் ஓடியபோது, இவர்கள் மட்டும் நிதானமாக நடந்து வந்திருப்பார்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் காலை 8 மணிக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோ போவதும், தடித்த பருத்திக் காலுறை அணிவதும், தரைவிரிப்பு போட்ட பாதையிலேயே நடப்பதும் தேவையான ஏற்பாடுகள். காலுறைக்கு அனுமதி உண்டா என்று கோயில் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சுமார் 14 கிலோமீட்டர் கொண்ட திருவண்ணாமலை கிரிவலத்தையும், நாள்கணக்கில் தார்ச்சாலையில் நடக்கும் பழனிப் பாதயாத்திரையையும் வெறுங்காலோடு மேற்கொள்வது, உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஆபத்து. நோயுற்றவர் காலணி அணிந்தோ வாகனத்திலோ வருவதால் பக்தி குறைந்துவிடாது என்பது என் உறுதியான கருத்து. காலில் உணர்ச்சி இல்லாதவர்கள் தீமிதிப்பதாக வேண்டிக்கொள்ள வேண்டாம். முன்பே வேண்டியிருந்தால், வேறு காணிக்கையாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கோயில் பெரியவர்களைக் கேளுங்கள்.

சூடு வேறு வழிகளிலும் வரும். பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கை, இரு சக்கர வாகனத்தின் சைலன்சர், மொட்டை மாடியின் சிமெண்ட் தரை ஆகியவற்றிலும் கவனம் தேவை.

கால் எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

கூடாது. வெந்நீர்ப் பை, சூடான மணல் அல்லது உப்பு ஒத்தடம், மின்சார மசாஜ் கருவி, வலி நிவாரணத் தைலத்தைத் தடவிச் சூடுகாட்டுவது ஆகிய எல்லாவற்றிலும் தோல் வெந்துபோவது தெரியாது. ஐஸ் கட்டியும் அப்படியே தீங்கு செய்யும்.

சிறிய காயமோ கொப்புளமோ ஏற்பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓடும் சுத்தமான நீரிலோ மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனிலோ கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். பிளாஸ்திரியை நேரடியாகத் தோலில் இறுக்கி ஒட்டாமல், காஸின்மேல் பேண்டேஜ் துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு, சாம்பல், பேனா மை, பற்பசை எதையும் வைக்காதீர்கள். இவை கிருமியைச் சேர்ப்பதோடு, புண்ணின் உண்மையான நிறத்தையும் ஆழத்தையும் மருத்துவரிடமிருந்து மறைத்துவிடுகின்றன. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்கவிடுவது, புதிதாக வளரும் திசுவையும் அழிக்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால் டி.டி. ஊசியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. செருப்பைத் துளைத்துச் சென்ற ஆணி எலும்புவரை கிருமியைக் கொண்டுபோயிருக்கலாம்.

எந்த நிலையில் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

உணர்ச்சி குறைந்த பாதத்தில் தோல் கிழிந்திருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்பதே பாதுகாப்பான விதி. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், துர்நாற்றம், வீக்கம், விரல் கறுப்பது, காய்ச்சல் அல்லது நடுக்கம், காரணமின்றிச் சர்க்கரை அளவு ஏறுவது ஆகியவை இருந்தால் அன்றைக்கே, இரவானாலும் போக வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று நினைக்காதீர்கள்; பாதத்தில் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராத நோயாளிகள் பலர். நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும் வலி, இரவில் காலைத் தொங்கவிட்டால் மட்டும் குறையும் வலி இரண்டும் ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டுபவை.

“விரலை எடுத்துவிடுவார்கள்” என்ற அச்சத்தில் போகாமலிருப்பவர்களை எண்ணி மனம் வருந்துகிறது. சீழ் வைத்த முதல் நாளில் கீறி விட்டுக் காப்பாற்றக்கூடிய விரல், பத்து நாள் தாமதத்தால் முன்பாதத்தையும் சேர்த்துக் கேட்கும்.

புண் இருக்கும்போது நடக்கலாமா?

பாதத்தின் அடியில் உள்ள புண் ஆறாமலிருப்பதற்கு மருந்துக் குறைவைவிட அதன்மேல் நடப்பதே பெரிய காரணம். தினமும் கட்டுப்போட்டு, விலையுயர்ந்த களிம்பு தடவி, அதே காலோடு சமையலறைக்கும் கழிப்பறைக்கும் கடைக்கும் நடந்தால், ஒவ்வோர் அடியும் புதிதாக வளர்ந்த திசுவை நசுக்குகிறது. வலிக்காததால் நோயாளிக்கு அது தெரிவதில்லை. ஆகவே பாரம் விழாத வகையில் முழங்கால்வரை மாவுக்கட்டோ, கழற்ற முடியாத பூட்ஸோ போடுவது நல்ல பலன் தரும் சிகிச்சை; ரத்த ஓட்டம் மிகக் குறைந்தவர்களுக்கும் கடும் தொற்று உள்ளவர்களுக்கும் மட்டும் வேறு முறை தேவைப்படும். கழற்றக்கூடிய காலணி தரப்பட்டால், வீட்டுக்குள் நடக்கும் நாலடிக்கும் அதை அணிய வேண்டும்.

காயம் எதுவும் இல்லை, ஆனால் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. சுளுக்கா?

நரம்பு பாதிப்பு உள்ளவருக்கு இப்படி நேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைச் சார்கோ பாதம் என்றே கருத வேண்டும். வலி தெரியாத பாதத்தின் சிறு எலும்புகள் முறிந்தும் மூட்டுகள் நழுவியும் போக, நோயாளி அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார். வளைவாக இருந்த உள்ளங்கால் தட்டையாகி, பிறகு படகின் அடிப்பாகம்போல வெளியே புடைத்துவிடும். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாக இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. தேவைப்படக்கூடும். உடனே நடப்பதை நிறுத்தி, மாவுக்கட்டுப் போட்டால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். எண்ணெய் போட்டு நீவிவிடுபவரிடம் போனால் உடைந்த எலும்பு மேலும் விலகும்.

நரம்பு பாதிப்பைத் தடுக்க முடியுமா? வந்த பிறகு சரிசெய்ய முடியுமா?

தடுக்கலாம், தள்ளிப்போடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,441 பேரிடம் நடந்து 1993-இல் முடிவு வெளியான ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்பு பாதிப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் கட்டுப்பாட்டின் பலன் இவ்வளவு பெரியதாக இல்லை; அங்கே ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன், புகை ஆகியவற்றையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும். கடந்த சுமார் மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி அளவு பலருக்கு 7 சதவீதத்துக்குள் இருப்பது இலக்கு. முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்துவார். முழுமையாக இழந்த உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகையால் ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்துவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பல ஆண்டுகள் மிக அதிகமாக இருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் தடாலடியாக இறக்கினால், சிலருக்குக் கடும் எரிச்சலும் வலியும் வரும். அது பெரும்பாலும் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். பயந்து மருந்தை நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். “நரம்பு ஊசி” போட்டுக்கொள்ள வேண்டுமா?

மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும்; சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வது அவசியம். குறைவில்லாதவருக்கு அந்த ஊசி உணர்ச்சியைத் திரும்பத் தரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. இதற்காக மெட்ஃபார்மினை நிறுத்தவும் வேண்டாம்.

எரிச்சலுக்கும் வலிக்கும் பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும், மிளகாயின் காரப்பொருள் கலந்த கேப்சைசின் களிம்பும் பயன்படுகின்றன. இவை வலியைக் குறைக்குமே தவிர நரம்பைச் சரிசெய்வதில்லை. முதலிரண்டின் அளவைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் இதய நோயும் புராஸ்டேட் தொல்லையும் உள்ள முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

உணர்ச்சி குறைந்துவிட்டது. நடைப்பயிற்சியை விட்டுவிட வேண்டுமா?

புண்ணோ சார்கோ பாதமோ இல்லையென்றால் விட வேண்டியதில்லை. சரியான காலணியோடு, சமமான தரையில், நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடக்கலாம். “எட்டு” போட்டு வெறுங்காலில் கூழாங்கல்மேல் நடப்பது மட்டும் கூடாது. தடுமாற்றம் உள்ளவர்கள் நிலையான மிதிவண்டியையோ நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிகளையோ தேர்ந்தெடுக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அதை நிறுத்துவது, காலின் ரத்தக்குழாய்களுக்குப் பெரும் நன்மை செய்யும்.

தனியாக இருக்கும், பார்வை குறைந்த முதியவர் எப்படித் தம் பாதத்தைக் காத்துக்கொள்வது?

கண் செய்ய முடியாததைக் கையும் மூக்கும் ஓரளவு செய்யும். விரலால் தடவி ஈரம், மேடு, சூடு ஆகியவற்றை உணரலாம். புதிய துர்நாற்றத்தைக் கவனிக்கலாம். வெள்ளைப் பருத்திக் காலுறை அணிந்தால், அதில் படியும் கறையை வீட்டு வேலைக்கு வருபவரோ பக்கத்து வீட்டாரோ பார்த்துச் சொல்ல முடியும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாரத்தில் சில நாள் காணொளி அழைப்பில் “பாதத்தைக் காட்டுங்கள், அப்பா” என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலரிடம் பாதத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

புண் ஆறிவிட்டது. இனிப் பழையபடி இருக்கலாமா?

புண் ஆறியவருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் பாதப் புண் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். ஐந்தாண்டுகளில் அது 65 சதவீதம் வரை போகிறது. புதிதாக மூடிய தோல் மெல்லியது. அதற்குக் கீழே அழுத்தத்தைத் தாங்கும் கொழுப்புத் திசுவும் குறைந்திருக்கும். ஒரு விரல் அகற்றப்பட்டவருக்கு அந்த விரல் சுமந்த பாரம் பக்கத்து விரலுக்கும் மேட்டுக்கும் போவதால், அடுத்த புண் அங்கே எழும். எதிர்க்காலும் கூடுதல் பாரத்தைச் சுமக்கும். ஆகவே கட்டு பிரித்த நாளிலேயே அளவெடுத்துச் செய்த காலணி கையில் இருக்க வேண்டும். அதைத் தைக்கக் கொடுக்கும் வேலையைப் புண் ஆறிவரும்போதே தொடங்கிவிடுங்கள். முதல் வாரத்தில் வீட்டுக்குள் சில நிமிடங்கள் மட்டும் நடந்து, ஒவ்வொரு முறையும் காலணியைக் கழற்றி, புதிய தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் நடப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் காலணியைக் கையோடு எடுத்துக்கொண்டு பாத மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள்.